நெடுந்தூரக் கடல் நீச்சலும் அதன் அபாயங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வருடந்தோறும் இவ்விழாவிலே கல்வியைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் தக்கார் பலர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். இம்முறை உங்கள் காரியதரிசி என்னிடம் வந்து, “ஐயா, இளைஞருக்குப் பயன்படும் விஷயம் ஒன்றைப் பேசுங்கள்; ஆனால் உபதேசமாக இருத்தலாகாது” என்று கேட்டுக்கொண்டார். கடலருகே பிறந்து வளர்ந்தவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு, நெடுந்தூரக் கடல் நீச்சலைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். இடையிலே உபதேசம் வந்துவிட்டால் அது கடலின் குற்றம், என் குற்றமன்று.

முதலில் என் சொந்தக் கதை ஒன்று. எனக்கு அப்பொழுது பத்தொன்பது வயது. பங்குனி மாதம். கடல் தாம்பாளத்தில் வார்த்த தண்ணீர்போல் அசைவற்றுக் கிடந்தது. கரையிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் போட்டிருந்த வலையின் மிதப்பைத் தொட்டுவிட்டுத் திரும்புவதென்று நானும் என் நண்பன் ஒருவனும் பந்தயம் கட்டினோம். காலை ஒன்பது மணிக்கு இறங்கினோம். முதிய மீனவர் ஒருவர், நாங்கள் கேளாமலே, தம் சிறு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு எங்கள் பின்னே வந்தார். “அப்பு, எங்களுக்குக் காவல் வேண்டாம், திரும்பிப் போங்கோ” என்று என் நண்பன் கத்தினான். அவர் காது கேளாதவர்போல் வந்துகொண்டேயிருந்தார்.

மிதப்பைத் தொட்டுவிட்டோம். திரும்பும்போதுதான் கடல் தன் கணக்கைக் காட்டிற்று. நீரோட்டம் எங்களைப் பக்கவாட்டில் இழுத்தது. எத்தனை தரம் கை வீசினாலும் கரையிலிருந்த பனங்கூடல் கிட்ட வருவதாகத் தெரியவில்லை. உச்சி வெயில் தலையைப் பிளந்தது. என் நண்பன் உப்புநீரைக் குடித்து இரண்டு தரம் வாந்தி எடுத்தான். ஆயினும் நீந்துவதை நிறுத்தவில்லை. அப்பொழுது அந்த முதியவர் வள்ளத்தைக் கிட்டக் கொண்டுவந்து, “தம்பி, உன்ரை வீடு எந்த ஒழுங்கையிலை?” என்று விசாரித்தார். நேரங்கெட்ட நேரத்தில் இதென்ன கேள்வி என்று எனக்கு ஆத்திரம் வந்தது. என் நண்பன் ஏதோ முணுமுணுத்தான். “அப்பாவின்ரை பேர் என்ன?” என்று மறுபடியும் கேட்டார். அதற்கும் விடை வரவில்லை. முதியவர் துடுப்பை வைத்துவிட்டுக் குனிந்து, அவனை இரு கைகளாலும் பற்றி வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார். “நீயும் ஏறு” என்றார் என்னைப் பார்த்து. ஏறினேன்.

கரைக்கு அப்பொழுது இருநூறு யார் தூரந்தான் இருந்தது. அந்த இருநூறு யாரை என் நண்பன் மறக்கவே இல்லை. “வென்றிருப்பேன், கிழவர் என்னை அவமானப்படுத்திவிட்டார்” என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். நானும் அவன் கட்சிதான். உலகத்து நெடுநீச்சல்களைப் பற்றிப் பிற்காலத்தில் படித்த பின்னரே, அந்த முதியவர் எதற்காக ஒழுங்கையைக் கேட்டார் என்பது எனக்கு விளங்கிற்று. அதை உங்களுக்கும் விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மனிதன் கடலில் நீந்தியது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. முத்துக் குளித்தவனும் சங்கு எடுத்தவனும் உடைந்த மரக்கலத்திலிருந்து கரை சேர்ந்தவனும் நீந்தியே வாழ்ந்தார்கள். ஆனால் பிழைப்புக்காகவன்றிப் பெயருக்காக ஒரு கடலை நீந்திக் கடப்பது பிற்காலத்து வழக்கம். 1810ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி, ஆங்கிலக் கவிஞர் பைரன், எக்கன்ஹெட் என்ற கடற்படை அதிகாரியோடு, ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் டார்டனெல்ஸ் நீரிணையை நீந்திக் கடந்தார். அவ்விடத்தில் அகலம் ஏறத்தாழ ஒரு மைல்தான். ஆயினும் நீரோட்டம் இழுத்த இழுப்பில் பல மைல் நீந்தவேண்டியதாயிற்று. கரைக்குக் கரை அளந்த தூரம் வேறு, நீந்துபவன் கடக்கும் தூரம் வேறு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இக்கலையின் உண்மையான தொடக்கம் 1875ஆம் ஆண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையேயுள்ள ஆங்கிலக் கால்வாய், மிக ஒடுங்கிய இடத்தில் ஏறத்தாழ 21 மைல் அகலமுடையது. கப்பல் மாலுமியான கப்டன் மத்தியூ வெப் அதை நீந்தத் துணிந்தார். இவர் வீண்பெருமைக்காரர் அல்லர். 1873இல் அட்லாண்டிக் சமுத்திரத்தில், கப்பலிலிருந்து விழுந்த ஒருவனைக் காப்பாற்றுவதற்காக நடுக்கடலில் குதித்தவர். அவனைக் காப்பாற்ற முடியவில்லை; ஆனால் அவ்வீரச் செயலுக்காகப் பதக்கம் பெற்றார். 1875 ஆகஸ்ட் 12ஆம் திகதி அவர் செய்த முதல் முயற்சி காற்றாலும் அலையாலும் தோல்வியுற்றது. அவர் படகில் ஏறித் திரும்பினார். பன்னிரண்டு நாள் கழித்து, 24ஆம் திகதி பிற்பகல் ஒரு மணியளவில், உடம்பெங்கும் கடற்பன்றி எண்ணெய் பூசிக்கொண்டு டோவர்த் துறையிலிருந்து மீண்டும் குதித்தார். மூன்று படகுகள் துணை சென்றன. வழியில் இழுதுமீன் சுட்டது. பிரான்சுக் கரையை அண்மித்த பின்னர், எதிர்த்த நீரோட்டம் அவரை ஐந்து மணித்தியாலம் வரை கரைக்கு விடாமல் தடுத்தது. மறுநாள் முற்பகல் கலே நகரருகே கரையேறினார். எடுத்த நேரம் 21 மணித்தியாலம் 45 நிமிஷம். 21 மைல் அகலத்தைக் கடக்க அவர் வளைந்து வளைந்து நீந்திய தூரம் ஏறத்தாழ 39 மைல்.

இதே வெப் பின்னர் எவ்வாறு இறந்தார் என்பதையும் நீங்கள் கேட்கவேண்டும். புகழ் வந்தது, பணம் நிலைக்கவில்லை. 1883 யூலை 24ஆம் திகதி, நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கீழேயுள்ள பெருஞ்சுழிகளை நீந்திக் காட்டுவதாகச் சொல்லி இறங்கினார். ஒரு படகோட்டி அவரை நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் விட்டான். அதற்கு அப்பால் எந்தப் படகும் துணை போக முடியாது. வெப் திரும்பவில்லை. அப்பொழுது அவருக்கு வயது 35. கால்வாயை நீந்திய அதே தோள், அதே நெஞ்சுறுதி. ஒன்றே குறைவு: முதல் நீச்சலில் பக்கத்தில் படகு இருந்தது; இரண்டாவதில் இல்லை.

வெப்புக்குப் பின் கால்வாயைக் கடந்த இரண்டாமவர் தோமஸ் பேர்ஜஸ். ஆண்டு 1911. இடையிலே முப்பத்தாறு வருஷங்கள்! எத்தனையோ பேர் முயன்றனர். ஜேபஸ் வுல்ஃப் என்பவர் இருபதுக்கு மேற்பட்ட தடவை முயன்றும் ஒருதரமேனும் அக்கரையைத் தொடவில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு தடவையும் உயிரோடு வீடு திரும்பினார். இதையும் ஒரு சாதனை என்றே நான் சொல்வேன்.

1927 ஜனவரியில், கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள கற்றலினாத் தீவிலிருந்து தலைநிலத்துக்கு ஒரு போட்டி நடந்தது. பரிசு 25,000 டாலர். குளிர்ந்த நீரில் 102 பேர் குதித்தனர். முழுதும் நீந்திக் கரையேறியவர் கனடா தேசத்து ஜோர்ஜ் யங் என்ற பதினேழு வயது வாலிபர் ஒருவரே. ஏனையோரைப் படகுகள் ஏற்றிக்கொண்டு வந்தன. செய்தித்தாள்கள் ஒருவரைப் பாடின. படகுகளைப் பாடுவார் இல்லை.

அதே 1927ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயிலே நடந்த ஒரு வேடிக்கை, இக்கலைக்கே ஒழுங்கு கற்பித்தது. மேர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற லண்டன் தட்டெழுத்துப் பெண், பல தடவை தோற்ற பின், ஒக்டோபர் 7ஆம் திகதி கால்வாயைக் கடந்தார். சில நாட்களில் டொறதி லோகன் என்ற வைத்தியப் பெண்மணி, தாம் அதைவிட விரைவாகக் கடந்ததாக அறிவித்துப் பரிசும் பெற்றார். பிறகு அவரே, “நான் கடக்கவில்லை, சாட்சியில்லாத நீச்சலை நம்புவது எவ்வளவு மூடத்தனம் என்று காட்டவே இவ்வாறு செய்தேன்” என்று வெளியிட்டார். அவர் செய்த குறும்பால் கிளைட்சின் மெய்யான நீச்சலையும் ஊர் சந்தேகித்தது. அப்பெண் வாதாடவில்லை. ஒக்டோபர் 21ஆம் திகதி, சாட்சிகள் பார்த்திருக்க மறுபடியும் கடலில் இறங்கினார். பருவம் பிந்திவிட்டது, நீர் கொடிய குளிர். பத்து மணித்தியாலத்துக்கு மேல் நீந்தி, நினைவு தளர்ந்த நிலையில் வெளியே எடுக்கப்பட்டார். அக்கரை சேரவில்லை. ஆயினும் கண்டவர் யாவரும், இவரால் முன்பு கடந்திருக்க முடியும் என்று ஒப்புக்கொண்டனர். தோற்ற நீச்சல் ஒன்று, வென்ற நீச்சலுக்குச் சாட்சி சொல்லிற்று! அந்த ஆண்டிலேதான் கால்வாய் நீச்சற் சங்கம் தோன்றியது. நீந்துபவர் படகைத் தொடலாகாது, சாதாரண நீச்சலுடையே அணியவேண்டும், படகிலே ஒரு பார்வையாளர் இருந்து எல்லாவற்றையும் குறித்துவைக்க வேண்டும் என்ற முறைகள் நிலைபெற்றன.

இனி நம் கடலுக்கு வருவோம். சென்னை ஆளுநராயிருந்த ரொபேட் போக் என்பவரின் பெயரால் பாக்கு நீரிணை என வழங்குவது, ஆழம் குறைந்த கடல். ஆழம் குறைவென்றால் அபாயமும் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ஆழமில்லாத கடலில் காற்று எழுந்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். நீந்துபவனுக்கு மூச்செடுக்க இடைவெளி கிடையாது.

இக்கடலை முதன்முதல் நீந்திக் கடந்தவர் நம்மவர், தொண்டைமானாறு மு. நவரத்தினசாமி அவர்கள். 1954 மார்ச் மாதம் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு, 27 மணித்தியாலம் நீந்திக் கோடிக்கரை சேர்ந்தார். முப்பது மைலுக்கு மேற்பட்ட தூரம். ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து மறுநாட் பகலிலும் அவர் கை ஓயவில்லை. 1966 ஏப்பிரல் 5ஆம் திகதி, வங்காளத்து மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். 25 மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இந்தியக் கடற்படைக் கப்பல்கள் உடன் சென்றன. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடியின் கரையிலேதான் அவர் கால் பதித்தார். 1971இல் நம் வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் அவர்கள், இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும் அங்கிருந்து மீண்டும் இலங்கைக்குமாக 51 மணித்தியாலத்தில் நீந்தினார். அச்சாதனை ஐம்பது வருஷம் நின்றது. 2021 ஏப்பிரலில் ரொஷான் அபேசுந்தர என்ற விமானப்படை வீரர், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமாகப் போய்வர 28 மணித்தியாலமும் சில நிமிஷங்களும் எடுத்து அதை முந்தினார்.

நவரத்தினசாமியும் மிகிர் சென்னும் அபேசுந்தரவும் தேர்ந்த மாதங்களைக் கவனித்தீர்களா? மார்ச்சும் ஏப்பிரலும். வாடை ஓய்ந்து, சோளகம் இன்னும் எழாத இடைக்காலம். இது நம் மீனவர் எழுத்தில்லாமல் படித்து வைத்திருக்கும் பாடம். ஆழமறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. கடலிலே ஆழத்தோடு பருவத்தையும் அறியவேண்டும்.

இனி அபாயங்கள். சுறாவைப் பற்றி முதலில் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். சுறா கதைகளில்தான் அதிகம் கடிக்கிறது. நெடுநீச்சலில் மனிதரைக் கொன்றவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை.

முதலாவது குளிர். ஆங்கிலக் கால்வாயின் நீர் கோடையிலும் 15 முதல் 18 பாகை வரையிற்றான். நம் உடலின் சூடு 37 பாகை. நீரானது காற்றைவிட இருபது மடங்குக்கு மேலான வேகத்தில் உடற்சூட்டைப் பறிக்கும். உள்ளுடம்பின் சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கியதும் கைகால் விறைப்பது மட்டுமன்று, புத்தியும் மங்கத் தொடங்கும். பேச்சுக் குழறும். தான் குளிர்ந்துபோனதே அவனுக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறேன் என்றே சொல்வான். இதுதான் மிகப் பெரிய மோசம். வேறு நோய்களில் நோயாளி வலிக்கிறது என்கிறான், வைத்தியன் கேட்கிறான். இந்நோயிலோ, அபாயம் கூடக்கூட நோயாளி, “எனக்கொன்றுமில்லை” என்பான். நீரிலிருந்து எடுத்த பிறகும் சிறிது நேரம் உள்ளுடம்பின் சூடு தொடர்ந்து இறங்குவதுண்டு. ஆதலால் கரையேறியவுடன் அபாயம் நீங்கிவிட்டதென்று எண்ணலாகாது.

“நம் கடலில் குளிரேது?” என்பீர்கள். நமக்குரிய அபாயம் சூடு. 2010 ஒக்டோபர் 23ஆம் திகதி, ஐக்கிய அரபு இராச்சியத்திலுள்ள புஜைரா நகரில் 10 கிலோமீற்றர் கடல் நீச்சற் போட்டி நடந்தது. நீரின் சூடு 30 பாகையளவில் இருந்தது. பிரான் கிரிப்பன் என்ற அமெரிக்க வீரர், உலகத் தரமுடையவர், வயது 26, அதிலே இறந்தார். வெயிலில் ஓடுபவனுக்கு வேர்வை காய்ந்து உடம்பு குளிரும். வெதுவெதுப்பான நீரில் மூழ்கியிருப்பவனுக்கு அந்த வழி அடைபட்டுப் போகிறது. அன்றியும், தான் வேர்ப்பதை அவன் உணர்வதில்லை. தண்ணீருக்குள்ளேயே தண்ணீர் வற்றிப்போகிறான். மனத்தை உருக்குவது எதுவென்றால், கிரிப்பன் மூழ்கியதை யாரும் காணவில்லை. போட்டி முடிந்த பிறகு அவரைக் காணோமே என்று தேடியவர்கள் அவருடைய தோழர்களே. அதன் பின்னரே 31 பாகைக்கு மேற்பட்ட நீரில் போட்டி நடத்தலாகாது என உலக நீச்சற் சம்மேளனம் விதித்தது. விதிகள் பல இவ்வாறே ஓர் உயிரை விலையாகக் கொடுத்து எழுதப்படுகின்றன.

மூன்றாவது, உப்பு. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. பல மணித்தியாலம் வாயிலே படப்பட நாக்கும் தொண்டையும் வீங்கும், உணவு இறங்காது, இறங்கினாலும் வாந்தியாகும். உண்ணாமல் நீந்துபவன் எண்ணெயில்லாத விளக்கு. நான்காவது, நீரோட்டம். வெப்பை ஐந்து மணித்தியாலம் கரையருகே தடுத்தது அதுவே. ஐந்தாவது, சொறிமுட்டை என்றும் இழுதுமீன் என்றும் நாம் சொல்லும் பிராணி. கியூபாவிலிருந்து புளோரிடாவுக்கு நீந்த முயன்ற அமெரிக்க மாது டயானா நையட், முந்திய முயற்சிகளில் இதன் கொட்டுதலால் பெரிதும் வருந்தினார். 2013இல் தம் 64ஆவது வயதில், ஐந்தாம் முயற்சியில், முகமூடியும் உடற்கவசமும் அணிந்து ஏறத்தாழ 53 மணித்தியாலத்தில் கரையேறினார். ஆனாலும் பார்வையாளர் குறிப்புக்கள் நிறைவாக இல்லாமையால், அந்நீச்சல் முறையான உறுதிப்பாட்டைப் பெறாமலே இருக்கிறது. கண்ணாற் கண்டு குறித்துவைப்பவர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது இன்னுமொரு சான்று. ஆறாவது, கப்பல்கள். ஆங்கிலக் கால்வாயில் நாளொன்றுக்கு நானூறுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஓடுகின்றன. அலைமேல் தெரியும் ஒரு தலையை எந்த மாலுமி காண்பான்? 1954இல், நம் நவரத்தினசாமி நீரிணையைக் கடந்த அதே ஆண்டில், எட்வேட் மே என்ற ஆங்கிலேயர் படகுத் துணையின்றித் தனியே கால்வாயில் இறங்கினார். உயிரோடு கரையேறவில்லை.

ஏழாவது அபாயம் மனம். 1952 யூலை 4ஆம் திகதி, புளோரன்ஸ் சட்விக் என்ற அமெரிக்கப் பெண் கற்றலினாக் கடலை நீந்தினார். கடும் மூடுபனி, பக்கத்துப் படகுகளே தெரியவில்லை. ஏறத்தாழ பதினாறு மணித்தியாலம் நீந்திய பின் தம்மை எடுத்துவிடும்படி கேட்டார். படகில் ஏறிய பிறகே கரை ஒரு மைலுக்கும் குறைந்த தூரத்தில் இருந்தது தெரிந்தது. இக்கதையைச் சொல்லுகிறவர்கள் பலரும், “பார்த்தீர்களா, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே!” என்று முடிப்பார்கள். நான் அவ்வாறு முடிக்கமாட்டேன். இரண்டு மாதம் கழித்து, செப்டெம்பரில், அவர் அதே கடலை நீந்திக் கடந்தார். யூலையில் ஏறியபடியாலன்றோ செப்டெம்பரில் இறங்க முடிந்தது?

வங்காளத்து ஆரதி சாகா கதையும் அதுவே. 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் இறங்கி, இங்கிலாந்துக் கரை சில மைலில் தெரியும்போது நீரோட்டத்திற் சிக்கினார். மணிக்கணக்காக நீந்தியும் முன்னேற முடியவில்லை. படகோட்டியின் வற்புறுத்தலால் ஏறினார். மனம் எவ்வளவு நொந்திருக்கும்! ஆனால் செப்டெம்பர் 29ஆம் திகதி மறுபடியும் இறங்கி, 16 மணித்தியாலம் 20 நிமிஷத்தில் கடந்து, கால்வாயை நீந்திய முதல் ஆசியப் பெண்மணி என்ற பெயரைப் பெற்றார். அப்பொழுது வயது 19.

இங்கே உங்களில் ஒருவர் எழுந்து என்னை மடக்கலாம். “கேற்றுட் எடர்லே என்ன செய்தார்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எடர்லே, கால்வாயைக் கடந்த முதற் பெண். 1925இல் அவர் நீந்துகையில், முன் நான் சொன்ன வுல்ஃப் பயிற்சியாளராக இருந்து, அவரைத் தொட்டு எடுக்கும்படி செய்தார். தாம் களைக்கவில்லை என்று எடர்லே வெகுண்டார். 1926 ஆகஸ்ட் 6ஆம் திகதி மீண்டும் இறங்கியபோது பயிற்சியாளர் பேர்ஜஸ். தாம் கேட்டாலன்றி யாரும் தொடலாகாது என்று முன்னரே பேசிக்கொண்டார். புயல்போற் காற்று எழுந்தது. வெளியே வரும்படி பேர்ஜஸ் படகிலிருந்து சத்தமிட்டார். எடர்லே தலையைத் தூக்கி, “எதற்காக?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு நீந்தினார். பதினான்கரை மணித்தியாலமளவில் கரையேறி, அதுவரை எந்த ஆணும் எடுத்திராத குறைந்த நேரத்தைப் பெற்றார்.

ஆகவே படகிலிருப்பவர் சொல்லைத் தட்டினால் வெற்றி என்று கொள்ளலாமா? சற்று நிதானித்துப் பாருங்கள். எடர்லே விடை சொன்னார். கேட்டவுடன், தெளிவாக, கேலியாகவும் சொன்னார். விடை சொல்லும் வாய், சூடு குறையாத மூளையின் அடையாளம். அந்த ஒரு சொல்லைக் கேட்ட பின்னரே படகிலிருந்த அவர் தந்தையும் தமக்கையும் மற்றவர்களும் அவரை நீந்த விட்டனர். இன்றைக்கும் தேர்ந்த படகுத் துணைவர், நிமிஷத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணிக்கொண்டே வருவர். இடையிடையே எளிய கேள்வி கேட்பர். கைவீச்சுக் குறைந்தால், விடை பிழைத்தால், எடுத்துவிடுவர். நீந்துபவனிடம், “ஏறுகிறாயா?” என்று கேட்பதிற் பயனில்லை. அவன் இல்லையென்றே சொல்வான். ஊரின் பெயரைக் கேட்கவேண்டும். தாயின் பெயரைக் கேட்கவேண்டும்.

இப்பொழுது விளங்குகிறதா, அந்த முதியவர் ஏன் ஒழுங்கையைக் கேட்டார் என்று? அவர் எந்தச் சங்கத்தின் விதியையும் படித்தவரல்லர். கடலிலே மனிதர் மயங்குவதைக் கண்டு கண்டு தாமே அறிந்த முறை அது.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். படகிருந்தால் உயிருக்கு உத்தரவாதம் என்று நான் சொல்லவில்லை. எடர்லே கடந்த அதே ஆகஸ்ட் 6ஆம் திகதி, ஆனால் 1984ஆம் ஆண்டில், நம் ஆழிக்குமரன் ஆனந்தன் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியிலே உயிர் நீத்தார். பாக்கு நீரிணையில் 51 மணித்தியாலம் நீந்திய உடல் அது. நம் வெதுவெதுப்பான கடல் வேறு. அந்தக் குளிர்க்கடல் வேறு. 2012இலும் 2013இலும் அதே கால்வாயில், துணைப்படகு பக்கத்திலிருக்க, பிரான்சுக் கரையை அண்மித்த நிலையில் நீந்தியவர்கள் இறந்தார்கள். மாரடைப்பும் நுரையீரலில் நீர் கோத்தலும் சொல்லிக்கொண்டு வருவனவல்ல. ஆதலால் கடலிலே முழுக் காப்பு என்று ஒன்றில்லை. குறைக்கக்கூடிய அபாயத்தைக் குறைத்த பிறகு எஞ்சி நிற்பதையே வீரம் எதிர்கொள்ளவேண்டும். குறைக்கக்கூடியதைக் குறைக்காமல் இறங்குவது வீரமன்று. வீட்டாருக்குச் செய்யும் அநீதி.

இளைஞர்களே, உங்களிற் சிலராவது ஒருநாள் பாக்கு நீரிணையை நீந்த ஆசைப்படுவீர்கள். ஆசைப்படுங்கள். ஆனால் அதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, வைத்தியரிடம் நெஞ்சைச் சோதித்து, நீந்தப்போகும் அதே நீரில், அதே வெயிலில், மாதக்கணக்காகப் பழகுங்கள். இரண்டாவது, பருவத்தையும் நீரோட்டத்தையும் மீனவரிடம் கேளுங்கள். கேட்டது மனதுக்குப் பிடிக்காவிட்டாலும் கேளுங்கள். மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது: நிறுத்தும் அதிகாரத்தைப் படகிலுள்ள ஒருவருக்கு, கரையிலிருக்கும்போதே, புத்தி தெளிந்திருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் உங்கள் புகழில் பங்கு கேட்பவராக இருத்தல் ஆகாது. உங்கள் கோபத்துக்கு அஞ்சுபவராகவும் இருத்தல் ஆகாது. “ஏறு” என்று அவர் சொன்னால் அது தோல்வியன்று. அடுத்த வருடத்துக்கு அவர் தரும் தவணை.

என் நண்பன் கதையை முடித்துவிடுகிறேன். நான் படித்ததையெல்லாம் ஒருநாள் அவனிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, “அன்றைக்கு அந்தக் கேள்விக்கு நான் என்ன விடை சொன்னேன்?” என்று கேட்டான். “ஒன்றும் சொல்லவில்லை” என்றேன். “சொன்னதாகவே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்” என்றான். மறுநாள் காலை இருவரும் அந்த முதியவர் வீட்டுக்குப் போனோம். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வள்ளம் மட்டும் வேலியோரத்தில் கவிழ்ந்து கிடந்தது. சொல்லாமற்போன நன்றி பெரிய பாரம், அன்பர்களே. என் நண்பன் அதை இன்றும் சுமக்கிறான், நானும் சுமக்கிறேன்.

ஆகவே இச்சங்கத்தாரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கடலை நீந்திவரும் இளைஞன் ஒருவனை என்றாவது ஒருநாள் இம்மேடையில் ஏற்றிப் பாராட்டுவீர்கள். அன்று மாலை இரண்டு வாங்குங்கள். ஒன்றை நீந்தியவனுக்குப் போடுங்கள். மற்றதை, உறங்காமல் அவன் பக்கத்தே படகிலிருந்து, கை வீச்சை எண்ணி, வீட்டு ஒழுங்கையைக் கேட்டுக்கொண்டு வந்தவருக்குப் போடுங்கள். பாதிவழியில் அவர் எடுத்துவந்த இளைஞனாக இருந்தாலும், அந்த இரண்டாவது மாலையைத் தவறவிடாதீர்கள்.